கல்லடியிலிருந்து ஒரு பெல் சோதனை: ஐபிஎம் குவாண்டம் இலவசச் சேவை பற்றிய மதிப்பீடு

குவாண்டம் பின்னலைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி வியப்போடு நின்றுவிடுகிறது. இரண்டு துகள்கள், எவ்வளவு தூரம் பிரித்தாலும் அறாத தொடர்பு, ஐன்ஸ்டைனுக்கே பிடிக்கவில்லை, அதோடு முடிந்தது. ஓர் உயர்தர மாணவி ஒளிமின் விளைவில் வரைபு கீறி, சாய்வு எடுத்து, பிளாங்கின் மாறிலியைக் கண்டுபிடிக்கிறாள். பின்னலில் அப்படிக் கையால் அளந்து எடுக்க என்ன இருக்கிறது? ஓர் எண் இருக்கிறது. அதை எஸ் என்பார்கள். பொருள்கள் நம் அன்றாட எண்ணப்படி நடந்துகொள்கின்றன என்றால் எஸ் 2ஐத் தாண்ட முடியாது. 2.828 வரை போகலாம் என்கிறது குவாண்டம் பொறிமுறை. இந்த எண்ணை அளப்பதுதான் பெல் சோதனை. மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணையமும் இருந்தால், பணம் கட்டாமலே, உண்மையான குவாண்டம் சில்லில் இந்த எண்ணை எடுத்துவிடலாம். அதற்கு இடம் கொடுக்கும் ஐபிஎம் குவாண்டம் சேவையின் இலவசத் திட்டத்தைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் பௌதிகவியல் படிப்பவர்களையும், பாடசாலைகளில் உயர்தரம் கற்பிக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறோம்.

ஐபிஎம் 2016 மே மாதம் 5 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட ஒரு கருவியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று இலவசத் திட்டத்திலும் 100க்கு மேற்பட்ட கியூபிட் உள்ள கருவிகள் கிடைக்கின்றன. கியூபிட் ஒவ்வொன்றும் சில்லின் மேல் அமைந்த ஒரு மீகடத்திச் சுற்று. அதைச் சுமார் 0.015 கெல்வின் வரை குளிர்த்தி, 5 கிகாஹேர்ட்ஸ் அளவிலான நுண்ணலைத் துடிப்புகளால் இயக்குகிறார்கள். கையில் பிடிக்கக்கூடிய அளவுள்ள மின்சுற்று ஒன்று குவாண்டம் விதிப்படி நடக்கும் என்று காட்டிய வேலைக்காகத்தான் 2025இன் பௌதிகவியல் நோபல் பரிசு கிளார்க், டெவொரே, மார்டினிஸ் மூவருக்கும் கிடைத்தது. இலவசத் திட்டத்தில் ஒவ்வொரு 28 நாளிலும் 10 நிமிடக் கருவி நேரம் தருகிறார்கள். 10 நிமிடம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கத் தேவையில்லை, கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை ஓட்டி அளப்பதை ஒரு ஷொட் என்பார்கள். இரண்டு ஷொட்டுக்கு இடையில் வழக்கமாக 250 மைக்ரோசெக்கன் விடப்படுகிறது. பெல் சோதனைக்கு 4 சுற்று வேண்டும்; சுற்று என்பது கியூபிட்டுகளில் வரிசையாகச் செய்யும் செயல்களின் திட்டம். சுற்றொன்றுக்கு 4096 ஷொட் வைத்தால் மொத்தம் 16,384. அதற்கு 4.1 செக்கன் போகும். முன்னும் பின்னும் சேரும் நேரத்தையும் கூட்டி 10 செக்கன் என்று வைத்துக்கொண்டாலும், 28 நாளைக்குள் ஒரே கணக்கில் 60 தடவை செய்யலாம். ஒரு வகுப்புக்கு இது தாராளம்.

கருவியைத் தொடுமுன் 40 நிமிடம் காகிதத்தில் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். இதை விட்டுவிட்டு நேரே திரைக்குப் போகும் வகுப்பு, எண்ணைப் பெறும். அந்த எண் ஏன் முக்கியம் என்பது பிடிபடாது. இரண்டு மாணவரை இரண்டு வகுப்பறையில் இருத்துங்கள். சுற்றுக்கு ஒரு தடவை, இருவருக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டி 0 அல்லது 1 என்று ஒரு கேள்விச் சீட்டுக் கொடுங்கள். அவர்கள் ஆம் அல்லது இல்லை என்று எழுதித் தர வேண்டும். இருவர் விடையும் ஒன்றாக இருந்தால் வெற்றி. இருவருக்கும் 1 வந்தால் மட்டும் விடை வேறாக இருக்க வேண்டும். உள்ளே போகுமுன் எவ்வளவு வேண்டுமானாலும் கூடிப் பேசி உபாயம் வகுக்கலாம். உள்ளே போன பின் பேச்சு இல்லை. எந்த உபாயமும் சராசரியில் 75 சதவீதத்தைத் தாண்டாது. எப்போதும் இருவரும் ஆம் என்று எழுதினாலே 75 கிடைக்கும். அதைவிடக் கெட்டித்தனமாகச் செய்ய வழியே இல்லை. 40 சுற்றில் 30 வெற்றியை ஒட்டி, 3 கூடக்குறைய வரும். பின்னிய கியூபிட் ஆளுக்கொன்று வைத்திருப்பவர்கள் 85.4 சதவீதம் வெல்லலாம். பேசிக்கொள்ளாமல்.

இந்த இடத்தில் செருப்பு உதாரணம் வந்துவிடும். ஒரு சோடிச் செருப்பைப் பிரித்து, ஒன்றை அக்கரைப்பற்று பஸ்ஸிலும் மற்றதை வாழைச்சேனை பஸ்ஸிலும் அனுப்பினால், அக்கரைப்பற்றில் பெட்டியைத் திறந்து இடது என்று கண்டவருக்கு வாழைச்சேனையில் இருப்பது வலது என்று உடனே தெரியும். இதில் என்ன அதிசயம் என்று மாணவர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். செருப்புக்கு ஒரே கேள்விதான் உண்டு: இடதா வலதா. பெல் சோதனையில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேள்வியில் ஒன்றைத்தான் கேட்கலாம், எது என்பது கடைசி நேரத்தில்தான் முடிவாகும். இரண்டு கேள்விக்கும் விடையைப் பெட்டிக்குள்ளேயே எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரே வரியில் காட்டலாம். முதல் பக்கத்து விடைகள் அ, ஆ. மறுபக்கத்து விடைகள் இ, ஈ. ஒவ்வொன்றும் +1 அல்லது −1. இப்போது அ(இ+ஈ) + ஆ(இ−ஈ) என்ற கோவையைப் பாருங்கள். இ, ஈ இரண்டும் ஒன்றானால் இரண்டாம் அடைப்பு பூச்சியம், வேறானால் முதல் அடைப்பு பூச்சியம். மிஞ்சுவது +2 அல்லது −2 மட்டும். ஆயிரம் சோடியின் சராசரி எடுத்தாலும் 2ஐத் தாண்டாது. ஜோன் பெல் 1964இல் கண்ட விடயத்தை 1969இல் கிளவுசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் ஆய்வுகூடத்தில் அளக்கத்தக்க இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். உயர்தர மாணவருக்கு இதில் புரியாத கணிதம் ஒன்றுமில்லை.

இனிச் சுற்று. கொம்போசர் என்ற பகுதியில் கட்டைகளை இழுத்து வைத்தே அமைக்கலாம், நிரலாக்கம் தேவையில்லை. இரண்டு கியூபிட் எடுங்கள். கதவு என்பது கியூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு செயல். 0ஆவதில், 0உம் 1உம் சமமாகக் கலந்த நிலையை உண்டாக்கும் ஹடமார்ட் கதவு. பிறகு 0ஆவதைக் கட்டுப்படுத்தியாகவும் 1ஆவதை இலக்காகவும் வைத்து ஒரு சீநாட்: கட்டுப்படுத்தி 1 ஆனால் மட்டும் இலக்கைப் புரட்டும் கதவு. பின்னல் இவ்வளவுதான். அடுத்து அளக்கும் திசை: இரு கியூபிட்டிலும் ஆர்-வை சுழற்சிக் கதவு ஒவ்வொன்று, அதன் பின் அளவீடு. முதல் பக்கம் 0 பாகை அல்லது 90 பாகை. மறுபக்கம் 45 அல்லது −45. ஒரு திசையில் அளக்க, அந்தக் கோணத்தின் எதிர்க்குறியை ஆர்-வையில் போட வேண்டும். நாலு சேர்க்கைக்கும் நாலு சுற்று. ஒவ்வொன்றிலும் 00, 11 எண்ணிக்கையைக் கூட்டி, அதிலிருந்து 01, 10 எண்ணிக்கையைக் கழித்து, மொத்த ஷொட்டால் வகுத்தால் ஒரு தொடர்புக் குணகம் கிடைக்கும். முதல் மூன்றையும் கூட்டி, 90உம் −45உம் சேர்ந்ததைக் கழித்தால் எஸ்.

பிழையே இல்லாத கருவியில் 4096 ஷொட்டுக்கு முதல் மூன்று சுற்றிலும் 00 சுமார் 1748, 11 சுமார் 1748, 01உம் 10உம் 300 படி. நாலாவது சுற்றில் தலைகீழ்: 01, 10 உயரம், 00, 11 குட்டை. இந்த நாலு படத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு வகுப்பில் ஒட்டுங்கள். நாலாவது படம் மற்ற மூன்றிலிருந்து புரண்டு நிற்பதைப் பார்க்கும்போதுதான் காகித விளையாட்டில் இருவருக்கும் 1 வந்த சுற்று நினைவுக்கு வரும்.

உண்மைக் கருவியில் அனுப்புமுன் பாவனையாக்கியில், அதாவது சாதாரணக் கணினியில் சுற்றைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளில், ஒரு தடவை ஓட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். அங்கே 2.83ஐ ஒட்டி வராவிட்டால் பிழை உங்கள் சுற்றில்தான், கருவியில் இல்லை. வரும் பிழைகள் திரும்பத் திரும்ப மூன்றுதான். ஒரு பக்கத்து ஆர்-வையின் குறி மட்டும் மாறிவிட்டால் எஸ் பூச்சியத்தை ஒட்டி விழும். இரு பக்கமும் சேர்ந்து மாறினால் ஒன்றும் ஆகாது. ஆகவே பூச்சியத்தைக் கண்டால் குறியைத் தேடுங்கள். இரண்டாவது, பாகையை அப்படியே போடுவது. கதவு ஆரையனில்தான் எடுக்கும். 45 என்று எழுதினால் 45 ஆரையன் சுழற்றும். பை கீழ் 4 என்று கொடுக்க வேண்டும். மூன்றாவது பொல்லாதது, ஏனென்றால் ஒளிந்துகொள்ளும். போட்டன் முனைவாக்கச் சோதனையை விளக்கும் நூல்களில் கோணங்கள் 0, 45, 22.5 என்று இருக்கும். போட்டனுக்குத் தொடர்பு கோண வித்தியாசத்தின் இரு மடங்கின் கொசைனாக மாறுவதே காரணம். அந்தக் கோணங்களை இங்கே போட்டால் எஸ் 2.39 வரும். 2க்கு மேலே இருப்பதால் எல்லாரும் கை தட்டி, மிச்சம் குறைந்தது இரைச்சலால் என்று எழுதிவிடுவார்கள். பாவனையாக்கியில் 2.39 கண்டால் கோணங்களை இரட்டியுங்கள்.

கருவியில் ஓட்டும்போது எஸ் ஏன் 2.83க்குக் கீழே வரும் என்பதையும் கணக்கிட்டே காட்டலாம். பெரும் பங்கு வாசிப்புப் பிழைக்கு: 0ஐ 1 என்றோ 1ஐ 0 என்றோ கருவி தவறாக வாசிப்பது. ஒவ்வொரு கியூபிட்டிலும் இது 1 சதவீதமானால் எஸ் 2.72 ஆகும், 2 சதவீதமானால் 2.61, 8 சதவீதமானால் 2க்குக் கீழே போய்விடும், சோதனையே வீண். சூத்திரம் எளிது: பிழை விகிதத்தின் இரு மடங்கை 1இலிருந்து கழித்து, வர்க்கித்து, 2.828ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் எல்லாக் கியூபிட்டின் வாசிப்புப் பிழையும், அயல் சோடிகளின் கதவுப் பிழையும் போடப்பட்டிருக்கின்றன. இந்தச் சேவையில் நாங்கள் மிக மதிக்கும் அம்சம் இதுதான். கருவியின் குறையை மறைக்காமல் எண்ணாகத் தருகிறார்கள். எந்தச் சோடி நல்லது என்று மாணவரே பார்த்துத் தெரியலாம். சில்லில் அருகருகே இணைந்த சோடியாகப் பார்த்து எடுங்கள். தூரத்துச் சோடியை எடுத்தால் இடையில் இடமாற்றக் கதவுகள் செருகப்படும். ஒவ்வொரு இடமாற்றமும் மூன்று இரு-கியூபிட் கதவுக்குச் சமம், அத்தனையிலும் பிழை சேரும். கொம்போசருக்குப் பதிலாகக் கிஸ்கிட் என்ற ஐபிஎம்மின் பைத்தன் நிரல்தொகுதியில் எழுதுபவர்கள் உகப்பாக்க மட்டத்தை 3இல் வைத்தால் நல்ல சோடியை அதுவே தேடும்.

ஷொட் எண்ணிக்கையைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். 100 ஷொட்டில் எஸ்ஸின் புள்ளிவிவர வழு 0.14, 1000இல் 0.045, 4096இல் 0.022. 2.6ஐ 2இலிருந்து ஐயமறப் பிரிக்க 1000 போதும், ஆனால் இரு சோடியை ஒப்பிட 4096 வேண்டும்.

நிரல் வழியில் இரண்டு கருவிப்பொருள் உண்டு: சம்ப்ளர், எஸ்டிமேற்றர். சம்ப்ளர் எண்ணிக்கையை அப்படியே தரும். எஸ்டிமேற்றர் சராசரியைக் கணித்துத் தரும். இயல்பாகவே வாசிப்புப் பிழையைத் திருத்தியும் தரும். எஸ்டிமேற்றரில் எஸ் அழகாக 2.8ஐத் தொடும், சிலவேளை 2.828ஐத் தாண்டியும் நிற்கும். இந்தச் சோதனைக்கு அதை எடுக்காதீர்கள். 2.828 என்பது குவாண்டம் பொறிமுறையின் உச்ச எல்லை என்று 1980இல் சிரெல்சன் நிறுவினார். அதைத் தாண்டிய விடை இயற்கையில் கிடைத்ததல்ல, திருத்தத்தில் வந்தது. இயற்கையிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். விடையை முன்பே ஒரு மாதிரியுருவை நம்பித் திருத்திவிட்டு, பிறகு அந்த மாதிரியுரு சரி என்று சொல்வது முறையாகாது. சம்ப்ளரின் 2.6தான் நேர்மையான எண்.

எங்கள் பக்கத்துக்கான நடைமுறை சில. கிஸ்கிட்டை ஆய்வுகூடத்தின் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இறக்கினால் டேட்டா கரையும். ஒரு கணினியில் பொதிகளை இறக்கி, பென்டிரைவில் மற்றவற்றுக்குக் கொண்டுபோங்கள். எல்லாக் கணினியிலும் பைத்தன் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொதி ஏறாது. கணக்கின் ஏபிஐ திறவுகோலை (நிரல் சேவைக்குள் நுழையப் பயன்படும் இரகசியக் குறியீடு) உருவாக்கும்போதே ஓரிடத்தில் சேமித்துவையுங்கள். பிறகு காட்டாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் போய்வரும் நாளில் பயப்பட வேண்டாம்: அனுப்பிய வேலை வரிசையில் நிற்பது அவர்களுடைய கணினியில், உங்களுடையதில் அல்ல. வேலை இலக்கத்தை மட்டும் கொப்பியில் எழுதிவைத்தால் மறுநாளும் விடையை எடுக்கலாம். வரிசை நீளம் நாளுக்கு நாள் மாறுவதால், 40 நிமிடப் பாடவேளைக்குள் அனுப்பி எடுத்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். திங்களில் அனுப்பி, அடுத்த பாடத்தில் விடையை ஆராய்வதே நிம்மதி. நாலு சுற்றையும் ஒரே வேலையாக அனுப்புவது நேரத்துக்கும் நல்லது, ஒப்பீட்டுக்கும் நல்லது. முகப்பு முழுக்க ஆங்கிலம் என்பது தமிழ்மொழி மூல மாணவருக்கு உண்மையான தடை. ஒரு பக்கச் சொற்பட்டியல் கொடுத்தால் ஒரு வாரத்தில் கடந்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டால் பாதிப்பேர் முதல் திரையிலேயே நின்றுவிடுவார்கள்.

இணையமே சரியில்லாத பாடசாலைக்கு குவிர்க் என்ற பாவனையாக்கி இருக்கிறது. உலாவியில் ஓடும், பதிவு வேண்டாம், ஒரு கோப்பாகச் சேமித்துவைத்து இணையமின்றியும் பாவிக்கலாம். கற்பிக்க அருமையானது. ஆனால் அது கணக்கு, அளவீடு அல்ல.

அந்த வேறுபாடுதான் இப்போது நம்மைக் கடினமான இடத்துக்குக் கொண்டுவருகிறது. சரி, கல்லடியில் இருந்து அனுப்பி எஸ் 2.6 என்று எடுத்தாயிற்று. அதனால் உலகத்தைப் பற்றி என்ன நிறுவினோம்?

தனியாக, அதிகமில்லை. இரண்டு கியூபிட்டும் ஒரே சில்லில் மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு மில்லிமீற்றரை ஒளி ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் 3.3 பங்கு போன்ற நேரத்தில் கடந்துவிடும். வாசிப்புக்கோ மைக்ரோசெக்கன் அளவு பிடிக்கும். ஒரு பக்கம் என்ன கோணத்தில் அளக்கிறார்கள் என்ற செய்தி மறுபக்கத்துக்குப் போய்ச் சேர ஏராளமான நேரம் இருக்கிறது. காகித விளையாட்டில் இரு மாணவரையும் ஒரே வாங்கில் இருத்தியது போல. ஒரு மைக்ரோசெக்கனில் ஒளி 300 மீற்றர் போகும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் இரு கியூபிட்டையும் கல்லடிப் பாலத்தின் இந்தத் தலைப்பிலும் அந்தத் தலைப்பிலும் வைக்கும் அளவுக்காவது பிரிக்க வேண்டும், அல்லது வாசிப்பை வேகமாக்க வேண்டும். இன்னொன்று: நாலு கோணச் சேர்க்கையும் முன்கூட்டியே எழுதி அனுப்பப்படுகின்றன, ஒவ்வொரு ஷொட்டிலும் நாணயம் சுண்டி எடுக்கப்படுவதில்லை. ஆகவே, ஐபிஎம் சில்லில் 2ஐத் தாண்டியதால் உள்ளூர் யதார்த்தவாதம் (விடை முன்பே துகளில் இருக்கிறது, ஒளியைவிட வேகமான பாதிப்பு இல்லை என்ற எண்ணம்) பொய்த்தது என்று செயற்றிட்ட அறிக்கையில் எழுதினால் அது தவறு. இதை ஆசிரியர்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஒரு ஓட்டை மட்டும் இங்கே மூடியிருக்கிறது. போட்டன் சோதனைகளில் பல போட்டன்கள் உணரியில் படாமலே தவறிவிடும். பிடிபட்டவை நல்ல மாதிரி என்று நம்ப வேண்டியிருக்கும். மீகடத்திச் சில்லில் ஒவ்வொரு ஷொட்டும் ஒரு விடை தரும், எதுவும் தவறாது. 2009இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் மீகடத்திக் கியூபிட்டில் முதலில் அப்படி அளந்தபோது எஸ் 2.073. சிறிய எண், வழு அதைவிடப் பல மடங்கு சிறியது.

முழுச் சான்று வேறிடத்தில் இருக்கிறது, அதை இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 1972இல் பிரீட்மன், கிளவுசர். 1982இல் பிரான்சின் ஓர்சேயில் அலன் அஸ்பே, போட்டன் பறந்துகொண்டிருக்கும்போதே கோணத்தை மாற்றினார். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1.3 கிலோமீற்றர் இடைவெளியில் இரு வைரச் சில்லுகளின் இலத்திரன்களைப் பின்னி, செய்தி போகும் ஓட்டை, துகள் தவறும் ஓட்டை என்ற இரண்டு பெரிய ஓட்டையையும் ஒன்றாக அடைத்து, 245 தடவை அளந்து, எஸ் 2.42 என்று கண்டார்கள். அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் போட்டனில். 2017இல் சீனாவின் மிசியஸ் செய்மதி 1203 கிலோமீற்றர் இடைவெளிக்குப் பின்னிய போட்டன்களை அனுப்பியது. இலங்கையின் முழு நீளத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். 2022 நோபல் பரிசு அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும். எங்கள் சில்லுக்கு நெருங்கிய உறவு 2023இல் சூரிச்சில் நடந்தது: அதே வகை மீகடத்திச் சுற்று இரண்டை 30 மீற்றர் நீளக் குளிரூட்டிய குழாயின் இரு முனையிலும் வைத்து, ஒளி கடக்க எடுக்கும் 100 நானோசெக்கன் சொச்சத்துக்குள் அளவீட்டையே முடித்து, எஸ் 2.075 எடுத்தார்கள். மாணவரின் 2.6 பெரியது, சூரிச்சின் 2.075 சிறியது, ஆனால் கனமானது சூரிச்சினது. எண்ணின் பெறுமதி அதன் பருமனில் மட்டும் இல்லை, அதைப் பெற்ற நிபந்தனையிலும் இருக்கிறது. இதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறொரு பாடம் உயர்தரப் பௌதிகவியலில் எங்களுக்குத் தெரியவில்லை.

இவை எல்லாம் சேர்ந்து எதை மறுக்கின்றன? மூன்று எண்ணங்களை ஒருங்கே வைத்திருக்க முடியாது என்பதை. அளக்குமுன்பே ஒவ்வொரு துகளும் எல்லாக் கேள்விக்கும் விடையைத் தன்னோடு வைத்திருக்கிறது; இங்கே செய்வது அங்கே நடப்பதை ஒளியைவிட வேகமாகப் பாதிக்காது; எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது துகளோடு முன்கூட்டிப் பேசி வைத்தது அல்ல. இதில் ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும். எதை என்று சோதனை சொல்லவில்லை. நீல்ஸ் போர் வழிவந்த கொப்பன்ஹேகன் விளக்கத்தில் நிற்பவர்கள் முன்னெழுதிய விடையைக் கைவிடுவார்கள். டேவிட் போம் 1952இல் முன்வைத்த பொறிமுறையில் துகளுக்குத் திட்டமான இடம் எப்போதும் உண்டு, ஆனால் தூரத்துப் பாதிப்பை ஏற்க வேண்டும். எவரெட் 1957இல் சொன்னபடி, அளவீட்டுக்கு ஒரேயொரு விடைதான் வரும் என்ற, நாம் சொல்லாமலே வைத்திருந்த எண்ணத்தைக் கைவிடலாம். மூன்றாவதைக் கைவிடுபவர்களும் சிலர் உண்டு; அப்படிச் செய்தால் எந்தச் சோதனையையும் நம்ப அடிப்படை இல்லாமல் போய்விடும் என்பது எங்கள் கருத்து. வகுப்பில் ஒரு விளக்கத்தை மட்டும் உண்மை என்று சொல்லிக்கொடுப்பதைத் தவிருங்கள். நிறுவப்பட்டது இவ்வளவு: செருப்புப் பெட்டி மாதிரியுருவுக்கு இனி இடமில்லை.

பின்னலால் செய்தி அனுப்பலாம், தூரத்திலிருந்தே நோய் தீர்க்கலாம் என்று குவாண்டம் பெயரை வைத்து விற்கிறவர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள். அதற்கு மறுமொழி உங்கள் தரவிலேயே இருக்கிறது, புதிதாக ஒரு செக்கனும் செலவழிக்க வேண்டாம். 0ஆவது கியூபிட்டின் விடையை மட்டும் எண்ணுங்கள். விடைச் சரத்தில் வலது ஓரத்து இலக்கம்தான் 0ஆவது கியூபிட். இடமிருந்து வாசித்தால் மாறிப்போகும். மறுபக்கம் 45இல் அளந்தபோது எத்தனை தடவை 0, −45இல் அளந்தபோது எத்தனை தடவை 0? இரண்டிலும் 2048ஐ ஒட்டி, 32 கூடக்குறைய வரும். கருவியில் 0 பக்கம் சற்றுக் கூடலாம். வாசிக்கும் நேரத்துக்குள் 1 நிலை தளர்ந்து 0க்கு விழுவதால். முக்கியம் என்னவென்றால் மறுபக்கத்துக் கோணத்தை மாற்றினாலும் இந்த எண் மாறாது. ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு மறுபக்கம் என்ன செய்தார் என்பது தெரிய வழியில்லை. இரு பட்டியலையும் அருகருகே வைத்தால் மட்டுமே தொடர்பு வெளிப்படும், பட்டியல் போய்ச் சேர பஸ்ஸோ தொலைபேசியோ வேண்டும்.

போட்டனிலேயே செய்ய வேண்டும் என்று நினைக்கும் பல்கலைக்கழகத் துறைக்கு 405 நானோமீற்றர் லேசரும், ஒரு போட்டனைப் பின்னிய இரண்டாகப் பிரிக்கும் பிபிஓ பளிங்கும், 810 நானோமீற்றரில் தனிப் போட்டன் உணரிகளும் கொண்ட மேசைக் கருவிகள் இருக்கின்றன. விலை பாடசாலைக்கு எட்டாது. கையால் ஒழுங்குபடுத்தும் பயிற்சிக்கு அவை மேல்; எண்ணுக்கு இந்த இலவசச் சேவையே போதும். நாங்கள் 5க்கு 4 கொடுப்போம். குறைத்த ஒன்று மொழித் தடைக்கும் வரிசையின் நிச்சயமின்மைக்கும்.

மிச்ச நிமிடம் இருந்தால் அதை எஸ்ஸைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் போக்காமல் இதைச் செய்யுங்கள். முதல் பக்கத்தை 0 பாகையில் நிறுத்தி, மறுபக்கத்தை 0இலிருந்து 180 வரை 15 பாகைப் படியாக நகர்த்துங்கள். 13 சுற்று, ஒவ்வொன்றுக்கும் 2048 ஷொட், ஏறத்தாழ 7 செக்கன். தொடர்புக் குணகத்தை வரைபுத்தாளில் குறித்து, அதன் மேலே 0 பாகையில் +1இலிருந்து 180இல் −1 வரை ஒரு நேர்கோடு கீறுங்கள். விடையை முன்பே எழுதிக்கொண்டு சுழலும் மிக எளிய துகள் தரக்கூடியது அந்த நேர்கோடு. அதன்படி எஸ் சரியாக 2. அளந்த புள்ளிகள் கொசைனில் வளைந்து போகும். 45 பாகையில் அடிமட்டத்தை நிறுத்துங்கள்: நேர்கோடு 0.5இல் இருக்கும், கொசைன் 0.71இல். உங்கள் புள்ளி இரைச்சலால் சற்று இறங்கி, இரண்டுக்கும் நடுவில், கொசைன் பக்கமாக நிற்கும்.